கன்னத்துச் சூடு

சாவைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் நான் அழகு நர்ஸ் வேலைக்கு வந்தேன். அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவளுக்கு இதெல்லாம் பழகியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பழகிவிடும் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். பழகவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடுகிற ஒவ்வொரு முறையும் அது முதல் முறையாகவே இருந்தது. அழகு மருத்துவப் பயிற்சியை முடித்து, கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்ததும், கோபிச்செட்டிபாளையத்திலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இந்த வேலைல யாரும் சாக மாட்டாங்கம்மா."

"அப்பாடா" என்றாள் அம்மா. "இனியாச்சும் ராத்திரி தூங்கு சாமி."

கிளினிக்கில் எல்லாம் பளபளவென்று இருந்தது. டெட்டால் வாசனைக்குப் பதில் எலுமிச்சை வாசனை. வருகிறவர்கள் யாரும் முனகவில்லை, அழவில்லை, எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவில்லை. முதல் நாளே தலைமை நர்ஸ் பெனிட்டா சிஸ்டர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவுக்குத் தோலைக் கிள்ளி எடுத்தார்.

"எனக்கு எதுக்கு சிஸ்டர்?"

"வெறும் மூஞ்சியோட நின்னா உன்கிட்ட யாரு பிள்ள ஊசி போட்டுக்கிடுவா? மொதல்ல நீ போட்டுக்கிடணும். சோத்துக் கடைக்காரன் சொந்தக் கடையில சாப்பிடணும்லா?"

பெனிட்டா சிஸ்டருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஊசியும் வலிக்காது, பேச்சும் வலிக்காது.

அந்தத் தோலைக் குப்பியில் வளர்த்து, ஒரு பசையில் கலந்து, இரண்டு கன்னத்திலும் தோலுக்கு அடியில் ஏற்றினார்கள். அதற்குக் கம்பெனி நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. செவப்பு என்பார்கள். செவப்புப் போட்டுக்கிட்டாளா, செவப்புப் போட்ட பிறகுதான் மாப்பிள்ளை அமைந்தது, இப்படி. மஞ்சளும் பவுடரும் மேலே பூசுகிற காரியம். இது அப்படியல்ல. உள்ளே உயிரோடு இருக்கும். வெயில் பட்டால் சிவக்கும், கைச்சூடு பட்டால் சிவக்கும். தொட்டவுடன் வெட்கப்பட்டதுபோல் கன்னம் பூக்கும். புதுப்பெண்கள் வரிசையில் நின்றதே அதற்காகத்தான்.

"இன்னைக்கு ஒரு நாள் தண்ணி படக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார் பெனிட்டா சிஸ்டர், ஊசியை உருவிக்கொண்டே. பிறகு அந்த வாசகத்தை நானே தினமும் கிளிப்பிள்ளைபோல் சொல்லத் தொடங்கினேன். தண்ணி படக்கூடாதுங்க. சோப்புப் போடக்கூடாதுங்க. தேய்க்கக் கூடாதுங்க.

மிச்சமிருக்கும் செல்களைக் கிளினிக் குளிர்பெட்டியில் விதைக் குப்பி என்று வைத்திருப்போம். செவப்பு மங்கினால் அதிலிருந்து எடுத்து மறுபடி ஏற்றலாம். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொரு சிறிய பெட்டி இருந்தது. அதை யாரும் தொடுவதில்லை.

"இது என்ன சிஸ்டர்?"

பெனிட்டா சிஸ்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"நிறுத்தூசி. நம்மகிட்ட வாரவங்க எல்லாரும் ஒரு நாள் செத்துப்போவாவல்லா? ஆனா அது சாவாது. பசையிலேயே அதுக்குச் சாப்பாடு இருக்கு. ஆளு செத்து ரெண்டு மூணு நாளைக்குக் கன்னம் மட்டும் சூடா இருக்கும். தொட்டா செவக்கும். ஒருக்கா மயானத்துல கடைசியா முகம் பாக்கையில அனல் பட்டு ஒரு பிள்ளைக்குக் கன்னம் செவந்துட்டு. எம்மவ உசிரோட இருக்கான்னு தாய்க்காரி பிரேதத்தைக் கீழே இழுத்துப் போட்டுட்டா. அன்னையிலேருந்து நிறுத்தூசி போட்ட சீட்டு இல்லாம எந்த மயானத்துலயும் எடுக்க மாட்டாவ. நாமதான் போய் நிறுத்தணும். போட்டு முடிச்சதும் இங்க மெசேஜ் வரணும். வந்ததும் விதைக் குப்பியை நெருப்புல போட்டுருவோம். செத்த ஆளோட உசிரை வச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம்."

"யாரு போவாங்க?"

"புதுசா வந்தவதான். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். நானும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே ஓடினாலும் சாவு எனக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

கொஞ்ச காலம் யாரும் சாகவில்லை. பிறகு ஒரு காலையில் சிங்காநல்லூரிலிருந்து போன் வந்தது. நிரஞ்சனா, இருபத்தேழு வயது, மென்பொருள் வேலை. தை மாதம் கல்யாணம். பைபாஸில் லாரி தட்டி, தலையில் உள்காயம். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. போன் பேசியவர் அவளுடைய சித்தப்பா துரைசாமி. அவர் குரலில் அழுகையைவிடத் தவிப்பு அதிகமாக இருந்தது.

"கொஞ்சம் சீக்கிரமா வாங்க அம்மிணி. எங்க நங்கை பொணத்தை எடுக்க உட மாட்டேங்கறாங்க."

அண்ணன் மனைவியைத்தான் அவர் நங்கை என்றார். நிரஞ்சனாவின் அம்மா, கலாமணி. அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கிளினிக் காரில் போய் இறங்கினேன். வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், பாடை கட்ட மூங்கில். ஆண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் என் கன்னம் பூத்திருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. எழவு வீட்டுக்குக் கல்யாணப் பெண்போல் முகத்தை வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். துக்கம் எனக்கும் இருந்தது. அது முகத்துக்கு வர வழியில்லாமல் இருந்தது.

கூடத்தில் ஐஸ் பெட்டி. கண்ணாடி மூடி திறந்து சுவரில் சாத்தியிருந்தது. மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த கலாமணி அம்மாவின் வலது கை பெட்டிக்குள் மகளின் கன்னத்தில் இருந்தது. அழுது முடித்த முகம். ஆனால் கண்ணில் ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது.

"மாலை போடறதுக்கு மூடியத் தொறந்தோம்" என்றார் துரைசாமி என் காதோரம். "நங்கை தொட்டதும் கன்னம் செவந்திருச்சு. அதுலேருந்து இப்படியே உக்காந்துட்டிருக்கறாங்க. மயானத்துல மத்தியானத்துக்குள்ள கொண்டாரச் சொல்லிட்டாங்க. நீங்கதான் எடுத்துச் சொல்லோணும்."

நான் கலாமணி அம்மாவுக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"கிளினிக்குல இருந்தா கண்ணு?"

"ஆமாங்கம்மா. பிரவீணாங்க."

"இங்க கையைக் குடு."

என் கையைப் பிடித்து மகளின் இன்னொரு கன்னத்தில் வைத்தார். நெற்றியும் மூக்கும் மெழுகுபோல் இருக்க, கன்னம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. என் விரல்களுக்கு அடியில் மெல்லச் சிவந்தது. எத்தனையோ பேருக்கு நானே ஏற்றிய சிவப்புதான். இருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் கன்னத்தை விட்டுக் கையை எடுக்க எனக்கே மனம் வரவில்லை.

"இது அவங்க இல்லீங்கம்மா. மருந்துங்க. கைச்சூடு பட்டா செவக்கற மாதிரி பண்ணியிருக்கறாங்க."

"தெரியுங் கண்ணு. நான்தான் அவளைக் கூட்டிட்டு வந்து போட வெச்சேன். பொண்ணு பாக்க வந்த மொத எடத்துல மொகத்துல களையில்லைன்னுட்டாங்க. அவ வேண்டாம்னா. நான்தான் அடம் புடிச்சேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான் படிக்காதவ இல்ல. எம்பொண்ணு செத்துட்டான்னு தெரியும். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லு. அந்த மருந்துக்கு உசிரு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"எங்கிருந்து வந்துச்சு?"

அவர் விடாமல் பார்த்தார்.

"அவங்க காதுக்குப் பின்னால எடுத்த தோல்லருந்துங்க."

"அப்ப இது என்ற பாப்பாதானே?"

பயிற்சியில் எதையெதையோ சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் கோணத்தில் ஊசி நுழைய வேண்டும், எந்த நரம்பைத் தவிர்க்க வேண்டும், புகார் சொல்கிறவரிடம் எப்படிச் சிரிக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

"ஆமாங்கம்மா" என்றேன்.

சுற்றி இருந்த பெண்களிடமிருந்து ஒரு கேவல் எழுந்தது. துரைசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

கலாமணி அம்மா இடது கையை என் முன்னால் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

"அப்ப அதைக் கொல்லாதே. கொஞ்சமா எடுத்து இதுல போட்டுடு. உன்ற ஊசியில வருமில்ல? நெத்திலயோ கன்னத்துலயோ கேக்கல. கையில போதும். ஆருக்கும் தெரியாம நான் மூடி வெச்சுக்கறேன்."

முடியும் என்றால் கம்பெனியும் சட்டமும் எக்கேடோ கெடட்டும் என்று போட்டிருப்பேன். அப்படித்தான் இருந்தது அந்த நிமிடம்.

"போட்டாலும் நிக்காதுங்கம்மா. உங்க உடம்பு ஏத்துக்காது. வேற ஆளோடதுன்னு கண்டுபுடிச்சு நாலஞ்சு நாள்ல அழிச்சுரும். கை வீங்கும், வலிக்கும். அவங்களும் தங்க மாட்டாங்க."

"வேற ஆளா?" என்றார் அவர். "நான் வேற ஆளா கண்ணு?"

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. நர்சிங் படிக்கும்போது மகப்பேறு வகுப்பில் கேட்டது. கேட்ட அன்றைக்கு என் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி அவளை அழவைத்திருக்கிறேன். கடவுளே என் வாயில் கொண்டுவந்து போட்டதுபோல் மகிழ்ந்துபோனேன். அவருடைய நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க வேற ஆளே இல்லீங்கம்மா. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இது கதை இல்லீங்க, படிச்சது. கொழந்தை வயித்துல இருக்கறப்பவே அதோட செல்லு கொஞ்சம் அம்மாவோட ரத்தத்துல கலந்துரும். பொறந்த அப்பறமும் வெளிய போகாது. எலும்புல, ரத்தத்துல, நெஞ்சுலகூடப் போயி உக்காந்துக்கும். இருபது முப்பது வருசம் ஆனாலும் இருக்கும். உங்க உடம்பு அதை மட்டும் வேற ஆள்னு நெனைக்காம வெச்சிருக்கும். கையில வேற போட்டு என்னங்க பண்ணப்போறீங்க? நிரஞ்சனா ஏற்கெனவே உங்களுக்குள்ள இருக்கறாங்க. நீங்க இருக்கற வரைக்கும் இருப்பாங்க."

ஒரு வயதான பெண் வாய்விட்டு அழுதாள். "கேட்டியா கலாமணி! பெத்த வயித்துலதான் இருக்கறாளாமா உம்புள்ள! எங்கியும் போகலையாமா!" ஆளாளுக்குத் தங்கள் வயிற்றையும் நெஞ்சையும் தொட்டுக்கொண்டார்கள். துரைசாமி துண்டால் கண்ணைத் துடைத்தபடி, "அம்மிணி சொல்றதைக் கேளுங்க நங்கை" என்றார். அவருக்குப் பின்னால் அவர் மகன் ஈர வேட்டியோடு நின்றிருந்தான். கொள்ளி வைக்கப் போகிறவன்.

கலாமணி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஒருமுறை பிரிந்தது. எதையோ சொல்ல வந்தார். துரைசாமியைப் பார்த்தார், அவர் மகனைப் பார்த்தார், வாசலில் நின்ற பங்காளிகளைப் பார்த்தார். பெட்டிக்குள் குனிந்து மகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு உதட்டை மூடிக்கொண்டு, கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"செரி" என்றார். அவ்வளவுதான்.

ஆறுதலடைந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். சொன்னால் வெட்கம், எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாமல் நின்றவள் இன்று சொல்லிவிட்டேன் என்று.

சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்தேன். முதலில் இடது கன்னம், பிறகு வலது. ஊசி நுழைந்த இடத்திலிருந்து சிவப்பு விலகிப்போயிற்று, துணியில் கறை வெளுப்பதுபோல. கொஞ்ச நேரத்தில் கன்னமும் நெற்றியும் ஒரே நிறமாகிவிட்டன. இப்போதுதான் அவள் முழுதாகச் செத்தவள்போல் இருந்தாள். களையில்லை என்று சொன்னவர்களைக் கூட்டிவந்து அந்த முகத்தைக் காட்ட வேண்டும் போலிருந்தது. அழகான, சாதுவான முகம்.

நான் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் துரைசாமியிடம் கொடுத்தேன். போனை எடுத்துக் கிளினிக்குக்கு மெசேஜ் போட்டேன்: நிறுத்தியாயிற்று.

காரில் ஏறப் போனபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கலாமணி அம்மா தனியாக கேட் வரைக்கும் வந்திருந்தார். முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். என் அருகில் வந்து வலது கையால் என் கன்னத்தைத் தொட்டார். அது உடனே சிவந்திருக்கும்.

"நீயும் போட்டிருக்கறயா?"

"வேலைக்காகங்கம்மா."

"அழுதுட்டிருக்கறே. மொகம் பூத்துக் கெடக்குது. பாவம் நீ." கையை எடுத்துக்கொண்டார். "உள்ள சொன்னியே கண்ணு. அது நெசந்தானா? என்ற மனசு ஆறட்டும்னு சொன்னதா?"

"சத்தியமா நெசங்கம்மா."

"பெத்த எல்லாருக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்குந்தாங்க."

"அப்ப அவளைப் பெத்தவளுக்குள்ள அவ இருப்பா." கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்கியோ ஒருத்தி. ஆருன்னு எனக்குத் தெரியாது. அவளுக்குள்ள இருப்பா என்ற பாப்பா. எனக்குள்ள ஒண்ணுமில்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த சாம்பல் நிறப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"எங்கூட்டுக்காரரு சூரத்துல மில்லு வேலைல இருந்தாரு. எங்களுக்குக் கொழந்த தங்கல. அங்க ஆஸ்பத்திரியில ஆரோ உட்டுட்டுப் போன புள்ள. எடுத்துட்டு வந்து, அங்கியே பொறந்துச்சுன்னு ஊருக்குச் சொன்னோம். பாப்பாவுக்கே தெரியாது. கல்யாணம் ஆகட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"ஏம்மா உள்ளயே சொல்லலே? நான் ஊசியைத் தொட்டிருக்க மாட்டேனே!"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பங்காளிகள் பாடையை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். சொன்னா? இவ நம்ம குலம் இல்லைன்னு தெரிஞ்சா என்ற கொழுந்தனாரு பையன் கொள்ளி வெப்பானா? தூக்கறதுக்கு நாலு தோளு நிக்குமா? வந்தப்ப ஆருமில்லாம வந்தவ கண்ணு. போறப்பவும் அப்படியே போகோணுமா?"

அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கன்னம் ஒன்றுதான். அதை எடுத்துக்கொள்ள நான் சொன்ன காரணம், உலகத்தில் எல்லாத் தாய்க்கும் பொருந்துகிற, அவர் ஒருவருக்கு மட்டும் பொருந்தாத காரணம். ஊர் முன்னால் மறுத்துப் பேச முடியாதபடி நான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

சட்டென்று விதைக் குப்பி நினைவுக்கு வந்தது. போனை எடுத்து நாலடி தள்ளிப் போனேன்.

"சிஸ்டர், நிரஞ்சனாவோட குப்பி..."

"உன் மெசேஜ் வந்ததுமே போட்டுட்டேன் பிள்ள. மொதல் தடவை போயிருக்க, உனக்கு வேலை மிச்சம்னு நானே போட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றேன்.

நல்லவேளை, கலாமணி அம்மாவிடம் குப்பியைப் பற்றிச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது. "மொகம் பாக்கறவிய எல்லாம் வந்து பாத்துக்கங்க!" அவர் திரும்பி நடந்தார். என்னால் காரில் ஏற முடியவில்லை. நானும் பின்னால் போனேன்.

வாய்க்கரிசி போட்டார்கள். நாலு தோள் என்ன, எட்டுத் தோள் வந்து நின்றன. நிரஞ்சனா அந்தக் குலத்துப் பெண்ணாகவே தெருமுனை திரும்பிப் போனாள். கலாமணி அம்மா அழாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வேண்டியிருந்தது நடந்துவிட்டது.

பிறகு பெண்கள் அவரைப் புழக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பலகையில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். அவர் உடல் முழுவதும் நனைந்து, சேலை ஒட்டிக்கொண்டது. வலது கையை மட்டும் அவர் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்திருந்தார். மகளின் கன்னத்தில் காலையிலிருந்து இருந்த கை.

"கையை இறக்கு கலாமணி. தீட்டு போகோணுமில்ல?" என்று ஒருத்தி மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் இறக்கவில்லை. இன்னொருத்தியும் சேர்ந்து பிடித்தாள். ஏன் என்று அவர் அவர்களுக்குச் சொல்ல முடியாது. மகள்தான் வயிற்றில் இருக்கிறாளே, கைக்கு என்ன என்பார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். கிளினிக்கில் பேசுகிற குரல் தானாக வந்தது.

"அந்தக் கைல மருந்து பட்டிருக்குங்க. தண்ணி படக்கூடாதுங்க. தேய்க்கக் கூடாதுங்க."

சீருடைக்கு ஒரு மரியாதை உண்டு. இருவரும் சட்டென்று கையை விட்டுவிட்டார்கள்.

"எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டாள் ஒருத்தி.

கலாமணி அம்மா ஈரம் வழிகிற முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். விரல்களை மெல்ல மடக்கி உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"அவங்களா கழுவற வரைக்குங்க" என்றேன்.